ஜப்பானிய மொழியில் நான் முடித்த புத்தகங்களும் மூடிவைத்த புத்தகங்களும்

ஜப்பானிய மொழியில் நான் காசு கொடுத்து வாங்கிய முதல் கதைப் புத்தகம் நத்சுமே சோசெக்கியின் பூனை நாவல். 'வாகாஹாய் வா நெகோ தே ஆரு.' இதுதான் தலைப்பு, இதுதான் முதல் வாக்கியமும். நான் ஒரு பூனை. அடுத்த வாக்கியம், பெயர் இன்னும் இல்லை. அப்போதுதான் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4, அதாவது கீழிருந்து இரண்டாவது நிலை, முடித்திருந்தேன். பழைய புத்தகக் கடையில் நூறு யென் அலமாரி முன்னால் நின்றபடியே இரண்டு வாக்கியமும் புரிந்துவிட்டதில் தலைகால் புரியவில்லை, ஆகா, நமக்கு ஜப்பானிய இலக்கியமே படிக்க வந்துவிட்டது என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வாக்கியம், எங்கே பிறந்தேன் என்று எனக்குத் தெரியாது என்பதுதான். ஆனால் அதை அந்தப் பூனை சொல்கிற விதம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அகராதியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் தாண்டினேன், அப்புறம் அது அலமாரியில் ஏறியதுதான்.

ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, முதல் வாக்கியமே எனக்குச் சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று. 'வாகாஹாய்' என்பது சாதாரண 'நான்' இல்லை. மீசையை முறுக்கிக்கொண்டு மேடையில் நிற்கிற பெரிய மனிதரின் 'நான்'. தமிழில் சொல்வதானால் 'யாம் ஒரு பூனை'. 1905-ல் வெளிவரத் தொடங்கிய நாவலின் பாதி வேடிக்கை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது, அது எனக்குக் கேட்கவே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜப்பானிய மொழி படிக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான், என்4 முடித்துவிட்டேன், என்3-க்குப் படிக்கிறேன், என்ன புத்தகம் படிக்கலாம்? நான் பதிலுக்குக் கேட்பது, தமிழில் என்ன படித்தால் உனக்குத் தூக்கம் வராது? பலருக்கும் இது எரிச்சலாக இருக்கும். அவர்களுக்கு வேண்டியது ஒரு பட்டியல். ஆனால் என்5, என்4 என்பதெல்லாம் தேர்வுக்கான அளவு. 2010-க்கு முன்னால் நான்கு நிலைகளாக இருந்தது, இப்போது ஐந்து. புத்தகத்தை எழுதுகிறவர் இது என்3 வாசகருக்கு என்று நினைத்து எழுதுவதில்லை. தேர்வுத்தாளில் வருகிற பத்தி உனக்குப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள், படித்தே ஆகவேண்டும். புத்தகம் அப்படியில்லை, பிடிக்கவில்லை என்றால் பத்தாவது பக்கத்தில் கை தானாகக் கைப்பேசிக்குப் போய்விடும்.

பூனைக்கு அடுத்து நான் எதிர்த்திசையில் ஓடினேன். பெரியவர்கள் புத்தகம் முடியவில்லையா, சரி, கைக்குழந்தைகள் புத்தகம் படிப்போம். நாங்கள் இருப்பது தோக்கியோவின் கிழக்கே நிஷி-கசாய், இந்தியர்கள் நிறைய இருக்கிற பகுதி. நூலக அட்டை இலவசம். குழந்தைகள் பிரிவில் மூன்று வயதுக்காரர்களுக்கான படப் புத்தகங்களில் பத்தை அள்ளிக்கொண்டு வந்தேன். எல்லாம் ஒலியை மட்டும் எழுதுகிற ஹிரகானா, சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்தான காஞ்சி ஒன்றுகூடக் கிடையாது, பக்கத்துக்கு இரண்டு வரி. இதைவிட எளிது என்ன இருக்கமுடியும் என்றுதான் நினைத்தேன், ஆனால் பூனைக்குக் கொஞ்சமும் குறையாத கஷ்டம்.

காரணம் இரண்டு. ஒன்று, காஞ்சி இல்லாமல் இருப்பது வரம் இல்லை. வகுப்பில் காஞ்சியைத் திட்டித்தீர்த்த நானே இதைச் சொல்கிறேன். 'நிவா நி வா நிவா நிவாதோரி கா இரு' என்று ஜப்பானியர்கள் விளையாட்டாகச் சொல்வார்கள். தோட்டத்தில் இரண்டு கோழி இருக்கிறது என்று பொருள். தோட்டமும் நிவா, பறவைகளில் இரண்டு என்பதும் நிவா, கோழியின் பெயரும் நிவாவில்தான் தொடங்குகிறது. காஞ்சியில் எழுதினால் ஒரு பார்வையில் பிரிந்துவிடும். வெறும் ஹிரகானாவில் எழுதினால் எந்த நிவா எந்த நிவா என்று தடவிக்கொண்டே போகவேண்டும். குழந்தைப் புத்தகங்களில் சொற்களுக்கு நடுவே இடம் விட்டிருப்பார்கள், அப்படியும் பொருள் சட்டென்று ஏறாது. ஜப்பானியக் குழந்தைக்கு அந்தச் சொல் எல்லாம் ஏற்கெனவே காதில் இருக்கிறது, எழுத்துதான் புதிது. நமக்கு நேர்மாறு.

இரண்டாவது காரணம் இரட்டைக்கிளவி. படப் புத்தகம் முழுக்க அதுதான். 'டோகிடோகி' என்றால் நெஞ்சு படபடவென்று அடிப்பது, 'கிராகிரா' என்றால் பளபள, அதுவரை சரி, நம் மொழியிலேயே சலசல, மடமட, கிடுகிடு என்று கொட்டிக்கிடப்பதால் அந்த ருசி நமக்கு உடனே பிடிபடும், ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இது எவ்வளவு வறண்டு போயிருக்கும் என்று நினைத்துப் பாவமாகக்கூட இருக்கும். ஆனால் 'கோரோகோரோ' என்று ஒன்று இருக்கிறது. இடி உறுமினாலும் கோரோகோரோ, பூனை சுகமாகக் குறுகுறுத்தாலும் கோரோகோரோ, விடுமுறை நாளில் வேலைவெட்டி இல்லாமல் பாயில் புரண்டாலும் கோரோகோரோ. படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். தேர்வுக்குப் படித்த சொல் ஒன்றும் அங்கே உதவவில்லை. சலுகை, ஒப்பந்தம், பொருளாதாரம் எல்லாம் தெரியும், 'தவளை தொபுக்கடீரென்று குதித்தது' தெரியாது. பத்தில் மூன்றை முடித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம் வந்ததுதான் டோட்டோ-சான்.

பள்ளியில் படிக்கும்போது எங்கள் ஆசிரியை ஒருவர் வகுப்பில் அதைத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறார், 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி', நேஷனல் புக் டிரஸ்ட் போட்டது. நம் ஊர் ஆசிரியர்கள் நிறையப் பேர் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசவே தொடங்குவார்கள். ரயில்பெட்டி வகுப்பறை, கடலிலிருந்து கொஞ்சம் மலையிலிருந்து கொஞ்சம் என்று மதிய உணவு கொண்டுவரச் சொல்லும் தலைமையாசிரியர், எல்லாம் எனக்கு அத்துப்படி. அதன் மூலத்தைப் பழைய புத்தகக் கடையில் பார்த்ததும் எடுத்துவிட்டேன். குரோயநாகி தெத்சுகோ எழுதி 1981-ல் கொதான்ஷா வெளியிட்டது, இவாசாக்கி சிஹிரோவின் ஓவியங்களோடு. முதல் அத்தியாயத்தில் டோட்டோ-சான் ஜியுகாவோகா நிலையத்தில் ஓய்மாச்சி ரயிலிலிருந்து இறங்குகிறாள், பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. இந்த இடம் எனக்குத் தெரியும்! சீட்டு, வாயில், கொடு, வைத்துக்கொள்ளட்டுமா, ஒவ்வொரு சொல்லும் எங்கே வரும் என்று தெரிந்து காத்திருந்து பிடிப்பது மாதிரி இருந்தது. அகராதி இல்லாமல் முதல் அத்தியாயம் முடிந்தது. அதுவரை ஜப்பானிய எழுத்தைப் பார்த்து நான் சிரித்ததே இல்லை, அன்றைக்குச் சிரித்தேன்.

கதை முன்பே தெரிந்த புத்தகம் என்றால் சுவாரசியம் போய்விடாதா என்று கேட்கிறார்கள். போகாது. இன்னும் சொல்லப்போனால் தமிழில் படித்தபோது இல்லாதது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். 'மதோகிவா' என்றால் ஜன்னலோரம். எழுபதுகளின் கடைசியில் ஜப்பானிய அலுவலகங்களில் 'ஜன்னலோரக் கூட்டம்' என்று ஒரு பேச்சு பரவலாக இருந்தது. வேலை எதுவும் கொடுக்காமல் ஜன்னலோரத்து நாற்காலிக்கு ஒதுக்கப்பட்ட ஊழியர்களுக்கு அந்தப் பெயர். அதை மனதில் வைத்துத்தான் தலைப்பு வைத்தேன் என்று ஆசிரியரே பின்னுரையில் எழுதியிருக்கிறார். ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்த சிறுமி என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, அவள் ஒதுக்கப்பட்டவளும்தான் என்று முப்பது வயதுக்கு மேல், மூல மொழியில் தெரிந்தது. அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான். ரயிலில் ஒன்று படிக்கலாம். நடை பேச்சுவாக்கில் நீளும், அங்கங்கே காற்புள்ளி போட்டு மூச்சு விட்டு மறுபடி ஓடும், அதனால் வாக்கியம் நீளமாக இருந்தாலும் பயப்படவேண்டியதில்லை.

இங்கே தமிழர்களுக்கு இருக்கிற ஒரு வசதியைச் சொல்லியே ஆகவேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் ஜப்பானிய வாக்கியத்தைத் தலைகீழாகப் பிரித்து அடுக்கிப் படிக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். நமக்கு அந்த வேலை இல்லை. 'கினோ கத்தா ஹோன்', நேற்று வாங்கிய புத்தகம், சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'தபெதே மிரு', சாப்பிட்டுப் பார். அதே 'பார்', கண்ணால் பார்க்கிற பார். 'தபெதே ஷிமத்தா', சாப்பிட்டுவிட்டான், அந்த 'விட்டான்' இழுக்கிற வருத்தமும் சேர்த்து. 'இத்தே ஓகு', சொல்லி வை. 'தோ இத்தா', என்று சொன்னான். வகுப்பில் ஆங்கில விளக்கத்தோடு இவற்றை ஒவ்வொரு வாரம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள், தமிழில் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும். இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று ஓனோ சுசுமு என்ற அறிஞர் நிறைய எழுதினார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. உறவோ தற்செயலோ, படிக்கும்போது கை கொடுக்கிறது.

ஆனால் ஒரு குழி இருக்கிறது, அதில் நாம்தான் விழுவோம். தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் வினையைப் பார்த்தால் வந்தானா வந்தாளா வந்தேனா என்று தெரிந்துவிடும். ஜப்பானிய வினையில் அந்த வால் இல்லை. வந்தது யார், அழுதது யார் என்று வினைமுற்று காட்டிக்கொடுக்காது. நாவலில் நாலு பேர் பேசும்போது யார் பேசுகிறார்கள் என்பதை மரியாதைச் சொல்லையும் வாக்கியக் கடைசியில் ஒட்டுகிற 'வா', 'சோ', 'தே' போன்ற துண்டுகளையும் வைத்து ஊகிக்கவேண்டும். பாதி நாவலுக்குப் பிறகுதான் நான் அம்மா என்று நினைத்தது பாட்டி என்று தெரிந்த கதையெல்லாம் உண்டு.

சரி, கடையில் நின்று எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் முதலில் பார்ப்பது ஃபுரிகானா. காஞ்சிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் உச்சரிப்பைப் போட்டிருப்பார்கள், அச்சுத்தொழிலில் அதற்கு 'ரூபி' என்று பெயர், ஆங்கிலேய அச்சகங்களில் ஒரு பொடி எழுத்தளவுக்கு மாணிக்கத்தின் பெயரை வைத்திருந்தார்கள், அது இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. எல்லாக் காஞ்சிக்கும் ரூபி இருந்தால் 'சோரூபி'. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு பட்டியலிட்ட காஞ்சி 2,136, அதில் தொடக்கப்பள்ளியில் சொல்லிக்கொடுப்பது 1,026. பெரியவர்கள் நாவலில் ரூபி எப்போதாவது ஒன்று வரும். அகராதியில் தேடவேண்டும் என்றால்கூட உச்சரிப்புத் தெரிந்தால் மூன்று விநாடி, தெரியாவிட்டால் விரலால் வரைந்து, கைப்பேசிக் கேமராவைக் காட்டி, ஒரு நிமிடம். பக்கத்துக்கு இருபது சொல் தெரியாது என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என்ன நிலை என்று பார்ப்பதைவிட ரூபி இருக்கிறதா என்று பார்ப்பது எவ்வளவோ மேல்.

இதற்காகவே இருப்பவை சிறுவர் பதிப்புகள். கொதான்ஷாவின் ஆவோய்தோரி புன்கோ என்ற வரிசை 1980-லிருந்து வருகிறது, நீலப்பறவை என்று பொருள். கதோகாவாவின் த்சுபாசா புன்கோ 2009-ல் வந்தது, அது சிறகு. பின்னட்டையில் தொடக்கப்பள்ளி நடு வகுப்பிலிருந்து, மேல் வகுப்பிலிருந்து என்று போட்டிருக்கும். டோட்டோ-சானுக்கு ஆவோய்தோரி பதிப்பு உண்டு. 'கிமி நோ நா வா' ('யுவர் நேம்') படம் பார்த்தவர்கள் நம் ஊரிலும் ஏராளம், ஷின்காய் மகோதோ எழுதிய நாவல் வடிவம் 2016-ல் வந்தது, அதே ஆண்டில் த்சுபாசாவிலும் ரூபியோடு வந்தது. படம் பார்த்திருந்தால் கதை தெரியும், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

காமிக்ஸ் படிக்கலாமா என்றால் தாராளமாக, யாராவது அது படிப்பே இல்லை என்று சொன்னால் கேட்காதீர்கள். அசுமா கியோஹிகோவின் 'யோட்சுபாதோ' எல்லோரும் சொல்வது, நானும் சொல்கிறேன். ஐந்து வயதுப் பச்சை முடிக்காரி, அப்பாவோடு புது வீட்டுக்குக் குடிவருகிறாள், ஊஞ்சல், ஏசி, மழை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறாள், அவ்வளவுதான் கதை. பேச்சு மொழிக்கு அதைவிட நல்ல ஆசான் கிடையாது. ஒரே எச்சரிக்கை, அதிலுள்ள அப்பா பேசுகிற மாதிரி அலுவலகத்தில் பேசிவிடாதீர்கள். டோரேமான் எனக்கு இன்னும் பிடிக்கும், ஒவ்வொரு கதையும் பத்துப் பக்கச் சொச்சம், 45 தொகுதி இருக்கிறது, படித்துத் தீராது. அதில் கருவிகளின் பெயரெல்லாம் சிலேடை. மொழிபெயர்ப்புக்கு 'ஹோன்யாகு', ஒரு கிழங்குப் பண்டத்துக்கு 'கொன்யாகு', இரண்டையும் சேர்த்து 'ஹோன்யாகு கொன்யாகு', அதைத் தின்றால் எந்த மொழியும் புரியும். மனப்பாடத்துக்கு 'அன்கி', அதனால் 'அன்கிபான்' என்று ஒரு ரொட்டி, பக்கத்தின் மேல் ஒற்றித் தின்றால் பாடம் மண்டையில் ஏறிவிடும். அன்கி என்ற செயலியில் தினமும் இருநூறு அட்டை புரட்டிக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பெயர் ஜப்பானியச் சொல் என்பது நோபிதா ரொட்டி தின்கிற கதையில்தான் உறைத்தது.

என்5-ல் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் இன்னும் தூரம் என்று தோன்றலாம். அவர்களுக்குத் 'தடோக்கு' இருக்கிறது, நிறையப் படித்தல் என்று பொருள். இதற்கென்றே இயங்குகிற ஒரு தொண்டு அமைப்பு படிப்படியாக நிலை பிரித்த குட்டிப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அவர்கள் சொல்கிற விதி நான்கே நான்கு. எளிதானதிலிருந்து தொடங்கு, அகராதி பார்க்காதே, புரியாத இடத்தைத் தாண்டிப் போ, ஓடவில்லை என்றால் வேறு புத்தகம் எடு. நான்காவதுதான் நமக்கு வராது. எடுத்த சோறை மிச்சம் வைக்காதே என்று வளர்ந்தவர்கள் நாம், எடுத்த புத்தகத்தையும் அப்படித்தான் கட்டிக்கொண்டு அழுவோம். இந்த விதியைப் படித்த அன்றே பூனையைப் பற்றிய குற்ற உணர்ச்சி எனக்குப் போய்விட்டது. அகராதி விதியை மட்டும் நான் முழுக்கப் பின்பற்றுவதில்லை, பக்கத்துக்கு மூன்று சொல் வரை பார்க்கலாம் என்று எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டேன்.

இலவசம் என்றதும் ஆவோசோரா புன்கோவையும் சொல்வார்கள். 1997-லிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்து ஏற்றுகிற தளம், காப்புரிமை முடிந்த பழைய எழுத்தெல்லாம் அங்கே கிடைக்கும். 2018 கடைசியில் காப்புரிமையை 50 ஆண்டிலிருந்து 70 ஆக்கிவிட்டதால் 1967 வரை இறந்தவர்கள்தான், 1968-ல் இறந்தவர்களின் எழுத்துக்கு 2039 வரை காத்திருக்கவேண்டும். இலவசம்தான், ஆனால் கற்பவர்களுக்கு நல்லதா என்றால் எனக்குச் சந்தேகம். நூறு வருடத்துக்கு முந்தைய தமிழை ஒரு ஜப்பானியர் கையில் கொடுத்து இது இலவசம் படி என்பது போலத்தான். இறக்குவதற்கு முன்னால் புது எழுத்து முறையில் இருக்கிறதா என்றாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே இருக்கிற ஒரு கதைக்கு மட்டும் விதிவிலக்கு. நீமி நான்கிச்சியின் 'கோன்கித்சுனே', கோன் என்ற நரி. பதினெட்டு வயதில் எழுதினார், 1932-ல் 'அகாய் தோரி' என்ற சிறுவர் இதழில் வந்தது, இருபத்தொன்பது வயதில் இறந்தும் போனார். இங்கே நாலாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, அதனால் ஜப்பானில் பள்ளிக்குப் போன எவரிடமும் கோன் என்றால் முகம் மாறும். எனக்கு அது வந்தது என் மகன் வழியாக. இங்குள்ள தொடக்கப்பள்ளிகளில் 'ஓன்தொகு' என்று ஒரு வீட்டுப்பாடம் உண்டு. பிள்ளை பாடத்தை உரக்க வாசிக்கவேண்டும், பெற்றோர் கேட்டு அட்டையில் கையெழுத்துப் போடவேண்டும், தினமும். முதல் வருடம் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். நாலாம் வகுப்பில் கோன் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

குறும்புக்கார நரி ஹியோஜூ என்பவன் பிடித்த விலாங்கு மீனைத் திருடிவிடுகிறது. அப்புறம் அவன் அம்மா செத்துப்போகிறாள். கடைசியாக விலாங்கு தின்ன ஆசைப்பட்டிருப்பாளோ, நம்மால்தானே கிடைக்காமல் போனது என்று நரிக்கு மனசு அடித்துக்கொள்கிறது, பரிகாரமாகக் கஷ்கொட்டையும் காளானும் தினமும் அவன் வீட்டில் ரகசியமாக வைத்துவிட்டுப் போகிறது. திருட வந்ததாக நினைத்து ஒருநாள் ஹியோஜூ சுட்டுவிடுகிறான். அப்புறம்தான் கீழே கொட்டைகளைப் பார்க்கிறான். நீயா, தினமும் கொண்டுவந்து தந்தது?

நாட்டுப்புறச் சொற்கள் நிறைய. 'பிகு' என்றால் பிடித்த மீனைப் போட்டுவைக்கிற கூடை, எங்கள் ஊர்ப் பக்கம் பறி என்பார்கள். மகனுக்கு அந்த ஜப்பானியச் சொல்லும் தெரியாது, பறியும் தெரியாது, படம் வரைந்து காட்டினேன். ஆனால் நான் சொல்லவந்தது அந்தக் கடைசிக் கேள்வியில் உள்ள 'குரேதா' என்ற வினை. ஜப்பானிய மொழியில் கொடுத்தல் இரண்டு. நான் பிறருக்குக் கொடுத்தால் 'அகேரு', எனக்கு வந்தால் 'குரேரு'. வகுப்பில் அம்புக்குறி போட்டு விளக்கினார்கள், தேர்வில் குழப்பிக் குழப்பி மதிப்பெண் விட்டேன். தொல்காப்பியத்தில் தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு என்று ஒரு பிரிப்பு உண்டு, கல்லூரியில் மனப்பாடம் செய்ததோடு சரி. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. ஹியோஜூ 'கொடுத்தது' என்று கேட்கவில்லை, 'தந்தது' என்று கேட்கிறான். மகன் அதை வாசித்தபோது அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அம்மா, நீ ஏன் அழற? நாளைக்கும் இதேதான் வாசிக்கணும்," என்றான். இரண்டு வாரம் வாசித்தான். 'குரேரு' அதற்கப்புறம் எனக்குத் தப்பியதில்லை.

அவன் நூலகத்திலிருந்து கொண்டுவருகிற புத்தகங்களைத் திருடிப் படிப்பது அதிலிருந்துதான் வழக்கமாயிற்று. 'ஜெனிதேந்தோ' அப்படி வந்ததுதான். ஹிரோஷிமா ரெய்கோ எழுதுகிற தொடர், ஒரு மாயமான மிட்டாய்க் கடை, அதிர்ஷ்டமுள்ளவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். வருகிற ஆளின் ஆசைக்கேற்ப ஒரு தின்பண்டம், அதன் எச்சரிக்கைக் குறிப்பைப் படிக்காமல் தின்றால் வம்பு. தனித்தனிக் கதைகள், எல்லாவற்றுக்கும் ரூபி. கடைக்காரி பெனிகோ பேசுகிற பழங்கால நடை முதலில் இடறும், பத்துப் பக்கத்தில் பழகிவிடும். விலையாக அவள் கேட்பது இன்ன ஆண்டில் அடித்த நாணயம் என்று குறிப்பிட்ட ஒரு நாணயம். ஷோவா, ஹெய்செய் என்று பேரரசர் ஆண்டுக்கணக்கு எனக்கு விண்ணப்பப் படிவங்களில் எப்போதும் தகராறு, சில்லறையைக் கவிழ்த்துப் பார்த்துப் பார்த்துப் பழகியது பெனிகோ தயவில்தான்.

பக்கத்திலேயே ஒரு புதையலும் திறந்தார்கள். 'கிகி' என்ற சூனியக்காரச் சிறுமியின் கதையைக் கிப்லி நிறுவனத்தின் அனிமேஷன் படமாகப் பார்த்திருப்பீர்கள், அதை 1985-ல் புத்தகமாக எழுதிய கதோனோ எய்கோ எங்கள் எதோகாவா வட்டாரத்தில் வளர்ந்தவர், 2018-ல் சிறுவர் இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது வாங்கியவர். அவர் பெயரில் 2023 நவம்பரில் நகிசா பூங்காவில் ஒரு சிறுவர் இலக்கிய இல்லம் திறந்தார்கள், கசாய் நிலையத்திலிருந்து பேருந்து. உள்ளே சுவரெல்லாம் ஸ்ட்ராபெரிச் சிவப்பு, கண் கூசும், பிள்ளைகள் தரையிலும் படியிலும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்கள், பெரியவர்கள் படித்தாலும் யாரும் ஒரு மாதிரிப் பார்ப்பதில்லை. கதோனோ இருபத்து நாலு வயதில் பிரேசிலுக்குப் போய் அங்கே ஒரு சிறுவனிடம் போர்த்துகீசியம் கற்றுக்கொண்டவர், அவருடைய முதல் புத்தகமே அந்தப் பையனைப் பற்றியதுதான். கிகியும் தெரியாத ஊருக்குப் போய் ஒண்டிக்கொள்கிற கதைதானே. அதை எழுதியவருக்கு அந்த அனுபவம் இருக்கிறது என்று தெரிந்து படித்தால் வேறு மாதிரி இருக்கிறது, எனக்கு அப்படித்தான் இருந்தது. படத்தைவிடப் புத்தகம் மெதுவாகப் போகும், ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு விநியோகம்.

பெரியவர்களுக்கான நாவலில் நான் முதலில் முடித்தது முராதா சயாகாவின் 'கொன்பினி நிங்கென்', 2016-ல் அகுதாகாவா பரிசு பெற்றது. முப்பத்தாறு வயதுப் பெண், பதினெட்டு வருடமாக ஒரே கொன்பினியில், அதாவது இரவுபகல் திறந்திருக்கிற சின்னக் கடையில், பகுதிநேர வேலை. சின்னப் புத்தகம். ரூபி கிடையாது, ஆனாலும் போகமுடிந்ததற்குக் காரணம் ஜப்பானில் இருக்கிற எவருக்கும் அந்தக் கடையின் சத்தம் காதில் இருக்கும் என்பதுதான். கதவுமணி, வரவேற்புக் குரல், பார்கோடு பீப். இங்கே வந்த புதிதில் நான் புரிந்துகொண்ட முதல் ஜப்பானியப் பேச்சே கல்லாவில் பை வேண்டுமா, சூடாக்கவா என்று கேட்பதுதான். சென்னையில் இருந்துகொண்டு படித்தால் இவ்வளவு எளிதாக இருக்குமா என்று சொல்லமுடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை, ஆள் துப்பறியும் கதைக்காரர், கொலை விழாத புத்தகம் அவருக்குப் புத்தகமே இல்லை. அவர் கோனான் காமிக்ஸில் காவல்துறைச் சொல்லாகப் பொறுக்கிவைத்திருக்கிறார், எனக்கு 'முன்விரோதம்' என்பதற்கு ஜப்பானியச் சொல் இன்றைக்கும் தெரியாது.

போன சனிக்கிழமை நூலகத்தில் ஜெனிதேந்தோ அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சிறுமி, எட்டு ஒன்பது வயதிருக்கும், என் கையைப் பார்த்துவிட்டு, அத்தை, அது ஏழாவது, ஆறு படிச்சாச்சா என்று கேட்டாள். படிக்கவில்லை என்றேன். ஆறு இப்போது என்னிடம் இருக்கிறது, இன்னும் மூன்று கதை பாக்கி என்று தன் பையைத் தட்டிக் காட்டினாள். சரி, நான் காத்திருக்கிறேன் என்று ஏழை வைத்துவிட்டு வந்தேன். பூனை நாவல் வீட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது, போன மாதம் தூசி தட்டும்போது எடுத்துப் பார்த்தேன், இந்த முறை நாலரைப் பக்கம் போயிற்று.